ஸ்வான் லேக்: ஒரே ஏரி, நான்கு கரைகள்

ஜூன் 14, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்

இந்தப் பயணத்துக்கு ஒரே காரணம் ஸ்வான் லேக். பீட்டர்ஸ்பர்க்கில் இரண்டு அரங்குகள், மாஸ்கோவில் இரண்டு. நான்கிலும் அதே பாலேதான், ஆனால் நான்கும் வெவ்வேறு ஆட்கள் அமைத்தவை. இத்தனை வருஷமாகப் பதிவுகளாக மட்டுமே பார்த்துவந்ததை நேரில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. அக்காவும் கூட வந்திருக்கிறாள். பரதநாட்டியம் சொல்லிக்கொடுப்பவள். பாலேயை மேடையில் இதுவரை பார்த்ததில்லை. அவள் கண்ணுக்கு எது படுகிறது என்று தெரிந்துகொள்ளவும் எனக்கு ஆவல்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ரோத்பார்ட் என்ற மந்திரவாதி ஒடெட் என்ற பெண்ணை அன்னமாக்கிவிடுகிறான். இரவில் மட்டும் பெண்ணுரு. ஒருவன் அவளை மட்டுமே காதலிப்பதாகச் சத்தியம் செய்து அதைக் காப்பாற்றினால் சாபம் தீரும். இளவரசன் சீக்ஃப்ரீட் சத்தியம் செய்கிறான். மறுநாள் அரண்மனை விருந்துக்கு ரோத்பார்ட் தன் மகள் ஒடிலை ஒடெட் ஜாடையில் அழைத்துவர, இளவரசன் ஏமாந்து அவளுக்குச் சத்தியம் செய்துவிடுகிறான். அப்புறம் ஏரிக்கரைக்கு ஓடுகிறான்.

ஓடி வந்தபின் என்ன ஆகிறது? அங்கேதான் சங்கதியே. அதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள்.

வந்து இறங்கியதும் முதல் வேலை பணம் மாற்றியது. நம் ஊர் விசா, மாஸ்டர் அட்டைகள் இங்கே செல்லாது. கையில் ரொக்கம் வேண்டும். மற்றபடி எந்தச் சிரமமும் இல்லை.

ஜூன் 15

காலையில் அலெக்சாந்தர் நெவ்ஸ்கி மடத்தை ஒட்டிய திஹ்வின் கல்லறைத் தோட்டம். ஸ்வான் லேக்குக்கு இசையமைத்த சாய்கோவ்ஸ்கி இங்கேதான் இருக்கிறார். பாலேயை வகுத்த மரியஸ் பெத்திபாவும் இதே தோட்டத்தில்தான். சாய்கோவ்ஸ்கி கல்லறையில் மலர்கள் குவிந்திருந்தன. பெத்திபா பக்கம் ஆளில்லை.

அங்கிருந்து ரோஸ்ஸி தெரு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சள் கட்டடங்கள். தெருவின் அகலம் 22 மீட்டர், கட்டடங்களின் உயரமும் 22 மீட்டர், நீளம் 220. இங்கேதான் வகானவா பாலே பள்ளி. அக்கா வாசலில் ரொம்ப நேரம் நின்றாள். அன்னா பாவ்லோவா படித்த பள்ளி இது. ருக்மிணி தேவி பாவ்லோவாவைச் சந்தித்து, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றுக்கொண்டதும், உன் நாட்டு நடனத்தைத் தேடிப் போ என்று பாவ்லோவாவே அவரைத் தூண்டியதும் எங்கள் வீட்டில் பலமுறை பேசிய கதை. "இந்தப் படியிலதான் ஏறி இறங்கியிருப்பாங்க இல்ல?" என்றாள். ஆமாம் என்றேன்.

இரவு மரீன்ஸ்கி. 1860இல் ஆல்பெர்ட்டோ காவோஸ் கட்டிய அரங்கு. உள்ளே நீலமும் பொன்னும் வெள்ளையும். எங்களுக்கு மூன்றாம் அடுக்கில் இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி தன் பைனாகுலரை அக்காவிடம் கொடுத்து, கையால் சைகை செய்து, அன்னங்கள் வரும்போது வேண்டாம், மேலிருந்தே முழுசாகப் பார் என்றார். இதைவிட நல்ல அறிவுரையை எந்த விமர்சகரும் சொன்னதில்லை.

காரணம் இருக்கிறது. இரண்டாவது காட்சியான ஏரிக்கரையை அமைத்தவர் லெவ் இவானோவ், பெத்திபாவின் உதவியாளர். சாய்கோவ்ஸ்கி 1893இல் இறந்த பிறகு, 1894இல் அவர் நினைவாக நடந்த நிகழ்ச்சிக்காக இந்த ஒரு காட்சியை மட்டும் முதலில் அமைத்தார். முழு பாலேயும் 1895 ஜனவரியில் இதே அரங்கில் மேடையேறியது. அரண்மனைக் காட்சிகள் பெத்திபா, ஏரிக்கரைக் காட்சிகள் இவானோவ். இன்று உலகில் பாரம்பரிய முறையில் யார் ஸ்வான் லேக் போட்டாலும் இரண்டாவது காட்சியை மட்டும் ஏறக்குறைய இவானோவ் அமைத்தபடியே விட்டுவைக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் ஏன் என்று புரியும். அன்னங்கள் ஒவ்வொருவராக, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டு வளைந்து வளைந்து வந்து மேடையை நிரப்புகிறார்கள். வரிசைகள் கலைந்து வட்டமாகின்றன, வட்டம் பிளந்து இரு கரையாகிறது. ஒடெட்டின் துயரம் அவள் ஒருத்தியின் துயரமாக இல்லாமல் அந்தக் கூட்டம் முழுவதிலும் பரவியிருக்கிறது. தனி வயலின் ஒலிக்கும் அந்த அடாஜியோவில் (மெதுவான நடனப் பகுதி), ஒடெட்டும் இளவரசனும் நடுவில் ஆட, சுற்றி நிற்பவர்கள் தலையைத் திருப்பும் ஒரு சின்ன அசைவுகூடப் பாட்டோடு சேர்ந்தே நிகழ்கிறது.

இதே அரங்கின் 2006 பதிவை (உல்யானா லோபாத்கினா ஒடெட், கெர்கியேவ் வாத்தியக் குழு நடத்துநர்) எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். லோபாத்கினாவின் கைகளுக்காக அதை இன்னும் பார்ப்பேன். ஆனால் கேமரா நெருங்கிப் போகும்போதெல்லாம் இவானோவின் கோலத்தில் பாதி வெட்டுப்படுகிறது என்பது இன்றுதான் உறைத்தது. பதிவில் ஒடெட் கிடைக்கிறாள், ஏரி கிடைப்பதில்லை.

சரி, முடிவு? இங்கே ஆடப்படுவது கான்ஸ்தாந்தின் செர்கேயெவ் 1950இல் திருத்திய வடிவம். சீக்ஃப்ரீட் ரோத்பார்ட்டோடு மோதி அவன் சிறகொன்றைப் பிய்த்துவிடுகிறான். மந்திரவாதி துடித்துச் சாக, பொழுது விடிகிறது. சுபம். அரங்கம் எழுந்து கைதட்டியது, நானும் தட்டினேன். நடனத்துக்காகத் தட்டினேன். ஒரு சிறகைப் பிய்த்தால் தீர்ந்துவிடும் சாபம் என்றால் அதற்கு முன் அத்தனை நேரம் வயலின் எதற்காக அழுதது?

வெளியே வந்தபோது இரவு பத்தரை தாண்டியும் வானம் வெளுத்தே இருந்தது. நடந்துகொண்டே அக்கா கேட்டாள்: "அவ யாரு, ஏன் அன்னமானான்னு ஒடெட் இவன்கிட்ட சொல்லவே இல்லையேடா?"

ஜூன் 16

அக்காவின் கேள்விக்காகவே இன்று அறையில் உட்கார்ந்து பதிவு பார்த்தோம்.

1895 வடிவத்தில் ஒடெட் சொல்கிறாள். வாயால் இல்லை, கைகளால். இந்த ஏரி என் தாய் அழுத கண்ணீர் என்று அபிநயம் பிடிக்கிறாள். சோவியத் காலத்தில் இந்தச் சைகை மொழி பழசு என்று கருதப்பட்டு, அந்த இடங்களெல்லாம் நடனமாக மாற்றப்பட்டன. மரீன்ஸ்கியில் இன்று அது இல்லை. எங்கே இருக்கிறது என்றால் லண்டனில். நிகோலாய் செர்கேயெவ் என்பவர் (நேற்றுச் சொன்ன செர்கேயெவ் வேறு) புரட்சிக்குப் பின் ரஷ்யாவை விட்டுப் போகும்போது மரீன்ஸ்கி பாலேகளின் நடனக் குறிப்புகளைக் கையோடு கொண்டுபோய்விட்டார். 1934இல் அவற்றை வைத்து லண்டனில் ஸ்வான் லேக் மேடையேறியது, அலிசியா மார்கோவா ஒடெட். அந்தக் குறிப்புகள் இப்போது ஹார்வர்டில் இருக்கின்றன.

நாங்கள் பார்த்தது லண்டன் ராயல் பாலேயின் 2009 பதிவு. ஆண்டனி டவல் 1987இல் அமைத்தது, மரியனெலா நூன்யெஸ் ஒடெட். அபிநய இடம் வந்ததும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு விரல்கள் கன்னத்தில் கண்ணீராக இறங்கியபோது "இது போதுமே!" என்றாள். திரும்ப ஓட்டிப் பார்த்தோம். அரை நிமிஷத்துக்குச் சற்றுக் கூடுதலான இந்த இடம் போனால் ஒடெட் வெறும் அழகான பறவையாகிவிடுகிறாள். இருந்தால் அவளுக்கு ஓர் அம்மா இருக்கிறாள், ஊர் இருக்கிறது, நடந்த ஒரு கொடுமை இருக்கிறது. ஒரு கலையின் பேச்சைப் பிடுங்கிவிட்டு அதை நவீனமாக்கியதாக நினைத்துக்கொண்டார்கள் என்று எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது.

அதே பதிவின் கடைசிக் காட்சியில் ஒடெட் ஏரியில் குதிக்கிறாள், இளவரசனும் பின்னாலேயே குதிக்கிறான். அந்தத் தியாகத்தில் ரோத்பார்ட்டின் சக்தி அழிகிறது. இருவரும் மறுவுலகில் சேர்ந்திருப்பது போல ஒரு காட்சியோடு திரை விழுகிறது. இதுதான் 1895இன் முடிவு. இசையைக் கேளுங்கள்: பாலே முழுவதும் பி மைனரில் (சோகம் தோய்ந்த ஸ்வர வரிசை) ஏங்கிக்கொண்டிருந்த அன்னத்தின் மெட்டு, கடைசியில் பித்தளை வாத்தியங்களோடு பி மேஜருக்கு (பிரகாசமான ஸ்வர வரிசை) மாறுகிறது. வெற்றிதான், ஆனால் பலத்த அடி வாங்கிய வெற்றி. இருவரும் செத்து ஜெயிக்கிறார்கள் என்றால் அந்த இசை துல்லியமாகப் பொருந்துகிறது.

ஜூன் 17

மிகைலோவ்ஸ்கி அரங்கு, கலைச் சதுக்கத்தில் இருக்கிறது. நடுவில் கையை நீட்டியபடி புஷ்கின் சிலை, பக்கத்தில் ரஷ்ய அருங்காட்சியகம். மரீன்ஸ்கியைவிடச் சிறிய அரங்கு, மேடை கைக்கெட்டும் தூரத்தில்.

இங்கே போடுவது 'பழைய மாஸ்கோ' ஸ்வான் லேக். அலெக்சாந்தர் கோர்ஸ்கி மாஸ்கோவில் வளர்த்தெடுத்து, கடைசிக் காட்சியை ஆசாஃப் மெஸ்ஸெரர் புதிதாக அமைத்த வடிவம். ஆசாஃபின் சகோதரி மகன் மிகைல் மெஸ்ஸெரர் 2009இல் இங்கே அதை மீட்டு மேடையேற்றினார். மிகைலும் அவர் தாய் சுலமித்தும் 1980இல் ஜப்பானில் இருந்தபடியே சோவியத்தை விட்டு வெளியேறியவர்கள். திரும்பி வந்து குடும்பச் சொத்தை எடுத்து வைத்தது போல இந்தத் தயாரிப்பு.

பீட்டர்ஸ்பர்க்கின் சீரும் ஒழுங்கும் இதில் கொஞ்சம் தளர்கிறது, வேகம் கூடுகிறது. விருந்துக் காட்சியில் ஸ்பானிய, ஹங்கேரிய ஆட்டங்களில் ஆளுக்கொரு முகம், ஆளுக்கொரு திமிர். எனக்கு மிகவும் பிடித்தது. முடிவு இங்கேயும் சுபம்தான்.

ஜூன் 18, சாப்சான் ரயிலில்

மாஸ்கோவுக்குச் சுமார் 650 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். ஜன்னலுக்கு வெளியே பிர்ச் மரங்களைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆகவே டேப்லெட்டில் 1957 படம்: மாயா பிளிசெத்ஸ்கயா, நிகொலாய் ஃபதேயெச்செவ், போல்ஷோய்.

பிளிசெத்ஸ்கயா ஆசாஃப் மெஸ்ஸெரரின் சகோதரி மகள். நேற்றுப் பார்த்த வடிவத்தில்தான் அவர் வளர்ந்தார். படத்தின் வண்ணம் மங்கலாகத்தான் இருக்கிறது, ஒலியும் அப்படித்தான். ஆனால் ஒடெட் விடைபெற்றுப் போகும்போது முதுகைக் காட்டியபடி அவர் கைகள் அலையலையாய் எழுவதை இதற்குப் பின் வந்த ஒடெட்கள் எல்லோருமே ஏதாவது ஒரு விதத்தில் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒடிலின் முப்பத்திரண்டு ஃபுவெத்தே சுழற்சிகளை எண்ணுவது ரசிகர்களின் பழக்கம். 1895இல் இத்தாலியரான பியரீனா லெஞானி நின்ற இடத்திலேயே ஒற்றைக் காலில் சுழன்று ஆரம்பித்து வைத்தது அது. பிளிசெத்ஸ்கயா அதைச் செய்வதில்லை. பதிலாக மேடையைச் சுற்றி வட்டமடித்துப் பாய்ந்து சுழல்கிறார். இதைக் குறையென்று சொல்வோர் உண்டு. நான் சொல்லமாட்டேன். ஒடில் வலை விரிக்க வந்தவள். நின்ற இடத்தில் சுழல்வதைவிட இளவரசனைச் சுற்றி வளைப்பது அவள் வேலைக்கு இன்னும் பொருத்தம்.

பிறகு காதில் வெறும் இசை. ஆந்த்ரே பிரெவின் 1976இல் லண்டன் சிம்ஃபொனியோடு செய்த பதிவு, தனி வயலின் இடா ஹெண்டெல். ஒலிப்பதிவுக் கூடத்தில் யாரும் காலைத் தூக்கி நிற்க வேண்டியதில்லை. மேடையில் காலப்பிரமாணம் நடனமணியின் மூச்சுக்குக் கட்டுப்பட்டது. இன்றைய ஒடெட்கள் அடாஜியோவை இழுத்து இழுத்து ஆட, வாத்தியக் குழுவும் காத்திருக்கிறது. சாய்கோவ்ஸ்கி எழுதிய அடாஜியோவின் முடிவில் ஒரு துள்ளலான பகுதி உண்டு, மேடையில் அது வெட்டப்பட்டுவிட்டது. இதுபோல் பல. 1895 மேடையேற்றத்துக்காக இசையமைப்பாளர் ரிக்கார்தோ திரிகோ பல பகுதிகளை இடம் மாற்றி, சாய்கோவ்ஸ்கியின் பியானோத் துண்டுகள் மூன்றுக்கு வாத்தியக் குழு வடிவம் கொடுத்து உள்ளே நுழைத்தார். கறுப்பு அன்னத்தின் (அதாவது ஒடிலின்) இசை என்று உலகமே நினைக்கும் அந்த இரட்டை நடன மெட்டு உண்மையில் முதல் காட்சிக்காக எழுதப்பட்டது.

ஜூன் 19, மாஸ்கோ

ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, நெமிரோவிச்-தான்சென்கோ அரங்கு, போல்ஷயா திமித்ரோவ்கா தெருவில். வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் வராத இடம். எனக்கு இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த இரவு இதுதான்.

1953இல் விளாதிமிர் பூர்மைஸ்தர் அமைத்தது. திரிகோ மாற்றியதைப் பெருமளவு ஒதுக்கிவிட்டு, சாய்கோவ்ஸ்கி எழுதிய வரிசைக்கு நெருக்கமாகத் திரும்பிப் போனார். நடிப்பையே உயிராகக் கொண்ட இரு நாடக இயக்குநர்களின் பெயர் தாங்கிய அரங்குக்கேற்ப, ஒவ்வொரு நடனத்துக்கும் 'இது ஏன் நடக்கிறது?' என்று கேட்டார். தொடக்க இசையிலேயே திரை விலகுகிறது. ஏரிக்கரையில் பூப்பறிக்கும் ஒரு பெண், பின்னால் ரோத்பார்ட்டின் சிறகு, அவள் அன்னமாகிறாள். லண்டன் அபிநயத்தால் சொல்வதை இங்கே கண்முன் காட்டிவிடுகிறார். அக்காவின் கேள்விக்கு ரஷ்யாவிலேயே ஒரு பதில் இருந்திருக்கிறது. ஏரிக்கரைக் காட்சிக்கு வந்தால், அவரும் இவானோவைத் தொடவில்லை.

விருந்துக் காட்சியைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்ற பெரும்பாலான வடிவங்களில் ஸ்பானிய, நேப்பிள்ஸ், ஹங்கேரிய, போலந்து ஆட்டங்கள் விருந்தாளிகளை மகிழ்விக்கும் கலைநிகழ்ச்சி. கதை அங்கே நின்றுபோகும். பூர்மைஸ்தரில் அந்த ஆட்டக்காரர்கள் எல்லோரும் ரோத்பார்ட்டின் ஆட்கள். கூட்டமாக அரண்மனைக்குள் பாய்ந்து வருகிறார்கள். ஒரு ஆட்டம் நடக்கும்போது நடுவில் ஒடில் தெரிகிறாள், இளவரசன் நெருங்குவதற்குள் அவர்கள் மூடி மறைத்துவிடுகிறார்கள். அடுத்த ஆட்டத்தில் வேறு பக்கம் அவள் முகம். மறுபடியும் மறைவு. இளவரசன் தலை சுற்றிப் போகிறான். பார்க்கிற நமக்கும் சுற்றுகிறது. கடைசியில் அவன் சத்தியம் செய்யும்போது, இவ்வளவு முட்டாளா என்று தோன்றுவதே இல்லை. யாராக இருந்தாலும் விழுந்திருப்பான்.

"இவன் சத்தியம் மறந்தவன் இல்லடா, மறக்கடிக்கப்பட்டவன்" என்றாள் அக்கா.

அதோடு, பழக்கப்பட்ட கறுப்பு அன்ன மெட்டு அந்த இடத்தில் வராது. காது ஒரு கணம் தடுமாறுகிறது. தடுமாறட்டும்.

முடிவு: புயல். இளவரசன் ஒடெட்டை விட்டு ஓடவில்லை, அவளுக்காக உயிரையே தரத் துணிகிறான். சாபம் உடைய, அவள் தொடக்கத்தில் பார்த்த அதே பெண்ணாகத் திரும்புகிறாள். சுபம்தான், ஆனால் இங்கே அது ஒட்டவைத்த சுபம் இல்லை. தொடக்கத்தில் பறித்துக்கொண்டதைக் கடைசியில் திருப்பித் தருகிறார்கள், கணக்கு நேராகிறது. 1960இல் பாரிஸ் ஆபெரா தன் மேடைக்கு இந்த வடிவத்தை எடுத்துக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை.

ஜூன் 20

ஓய்வு. நேற்றுப் போன அதே தெருவில் பிளிசெத்ஸ்கயா பெயரில் ஒரு சின்னச் சதுக்கம், அதில் கார்மென் பாலேயின் நாயகி கோலத்தில் அவர் சிலை. படம் எடுத்துக்கொண்டோம். மதியம் நல்ல போர்ஷ். அறைக்குத் திரும்பி 1966 வியன்னா படத்தின் கடைசிக் கால் மணி நேரத்தை மட்டும் பார்த்தோம்: மார்கோ ஃபோன்டெய்ன், ருடால்ஃப் நூரெயெவ். நூரெயெவ் அமைத்த முடிவில் ஒடெட்டை ரோத்பார்ட் கொண்டுபோய்விடுகிறான், இளவரசன் வெள்ளத்தில் தனியாக மூழ்கிப்போகிறான். அதே பி மேஜர், ஆனால் இப்போது அது ஏரியின் வெற்றியாக ஒலிக்கிறது. பயமாக இருந்தது.

ஜூன் 21

போல்ஷோய். வெளியே அப்பொல்லோவின் நான்கு குதிரைத் தேர், உள்ளே சிவப்பும் பொன்னும். ஆறு ஆண்டு புதுப்பிப்புக்குப் பிறகு 2011இல் திறந்த கட்டடம். ஸ்வான் லேக் முதன்முதலில் 1877இல் ஆடப்பட்டது இங்கேதான், நடன அமைப்பு ஜூலியஸ் ரெய்சிங்கர். அந்தக் கதையில் முடிவு இன்னும் கொடூரம்: இளவரசனே ஒடெட்டின் பாதுகாப்பான கிரீடத்தைப் பிடுங்கி ஏரியில் எறிகிறான், அலைகள் இருவரையும் கொள்கின்றன. இசை எழுதப்பட்டது அந்தக் கதைக்குத்தான்.

இன்று ஆடப்படுவது யூரி கிரிகரோவிச் அமைத்தது. 1969இல் அவர் துயர முடிவோடு போட நினைத்தபோது கலாச்சார அமைச்சகம் விடவில்லை, சுபமாக மாற்ற வேண்டியதாயிற்று. 2001இல் தான் நினைத்ததைத் திரும்பக் கொண்டுவந்தார். 2025 மே மாதம் 98 வயதில் மறைந்தார்.

இதில் ரோத்பார்ட் ஆந்தை இல்லை, மந்திரவாதியும் இல்லை. தீய சக்தி, இளவரசனின் நிழல். முதல் காட்சியின் முடிவில் இளவரசன் தனியாக ஆடும்போது பின்னால் அவன் அசைவுகளையே அந்த நிழல் செய்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி நிழலுக்கு மாறுகிறது. இரண்டு ஆண்கள், ஒரே அடவு, யார் யாரை ஆட்டுவிக்கிறார் என்று தெரியாத நிலை. அந்த இடம் மட்டும் எனக்கு நான்கு அரங்குகளிலும் பார்த்ததிலேயே ஆகப் புதிய சிந்தனை. போல்ஷோய் ஆண்களின் பாய்ச்சலும் அதற்கு வாகாக இருக்கிறது.

விருந்துக் காட்சியில்தான் எனக்கு ஒப்பவில்லை. ஸ்பானிய ஆட்டம், ஹங்கேரிய ஆட்டம் எல்லாவற்றையும் அந்தந்த நாட்டு மணப்பெண்கள் நுனிக்கால் காலணியில் ஆடுகிறார்கள். குதிகால் தட்டும் சத்தம் போய்விட்டது. மண்ணின் ஆட்டங்கள் மண்ணைத் தொடாமல் நடப்பதில் என்ன லாபம்?

கடைசிக் காட்சி சட்டென்று வந்து முடிந்துவிடுகிறது. ஒடெட் இறக்கிறாள். இளவரசன் மட்டும் கரையில் மிஞ்சுகிறான். அக்காவுக்கு இதுதான் நான்கிலும் சிறந்த முடிவு. "தப்பு செஞ்சவன் உயிரோட இருக்கணும். அதுதான் தண்டனை" என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒடெட் அவனை மன்னித்துவிட்டாள் என்று இசை சொல்கிறது. மன்னித்தவளைத் தனியாகச் சாகவிட்டு அவனை மட்டும் நிறுத்துவது அவனைப் பற்றிய கதையாகிவிடுகிறது, அவளைப் பற்றியதாக இல்லை. மெட்ரோவில் வந்து சேரும்வரை இதையே பேசிக்கொண்டு வந்தோம், தீரவில்லை.

ஜூன் 22

மாலையில் விமானம். எதில் ஆரம்பிப்பது என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதிவிடுகிறேன்.

பீட்டர்ஸ்பர்க்கிலும் மாஸ்கோவிலும் பார்த்த நான்கில் ஒன்றிலும் 1895இன் முடிவு இல்லை. மூன்றில் இருவரும் பிழைக்கிறார்கள், ஒன்றில் ஒருவன் மிஞ்சுகிறான். இருவரும் சேர்ந்து குதிப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் டவல் அமைத்த ராயல் பாலே பதிவுக்குப் போகலாம், அபிநயமும் அதில் இருக்கிறது. முதல் முறை பார்ப்பவர்கள் அதையே பாருங்கள். ராயல் பாலேயே 2018இல் லியாம் ஸ்கார்லெட்டின் புது வடிவத்துக்கு மாறிவிட்டது. அதில் இளவரசன் ஒடெட்டின் உடலைக் கையில் ஏந்தி நிற்கிறான், கிரிகரோவிச்சுக்கு நெருக்கம். அடுத்து மரீன்ஸ்கி 2006, அன்னங்களுக்காக. அதற்கப்புறம் 1957 படம். அலெக்சேய் ரத்மான்ஸ்கி 2016இல் ஹார்வர்ட் குறிப்புகளைப் படித்துச் சூரிக்கில் மீட்டெடுத்த வடிவம் எங்காவது மேடையேறினால் விடவே விடாதீர்கள்: கடைசிக் காட்சியில் வெள்ளை அன்னங்களுக்கு நடுவே கறுப்பு அன்னங்களும் வரும். அடாஜியோவில் இளவரசனின் தோழன் பென்னோவும் ஒடெட்டைத் தாங்குவான். 1895இல் இளவரசனாக ஆடிய பாவெல் கெர்த்துக்கு அப்போது ஐம்பது வயது. ஆகவே தாங்குவதற்கு இன்னொரு ஆள்.

பூர்மைஸ்தரை மட்டும், முடிந்தால், மாஸ்கோவுக்கு வந்தே பாருங்கள். அந்த விருந்துக் காட்சியில் ஒரே சமயத்தில் மேடையின் நான்கு மூலையிலும் ஏதோ நடந்துகொண்டிருக்கும்; எந்த மூலையைப் பார்ப்பது என்பதை நம் கண் முடிவு செய்ய வேண்டும், கேமரா செய்யக்கூடாது.

அக்கா அடுத்ததாக கிசெல் என்ற இன்னொரு பாலே பார்க்கலாம் என்கிறாள். அதன் இரண்டாவது காட்சியில் எத்தனை வடிவம் இருக்கிறது என்று இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.